குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையும் வாங்கியாயிற்று, இனி மாற்ற முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களை மனதில் வைத்து எழுதிய பக்கம் இது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதனால் புதிய பிரிவு எண்ணை முதலிலும் பழைய எண்ணை அதற்குப் பக்கத்திலும் கொடுத்திருக்கிறேன். அந்தத் தேதிக்கு முன்பே தொடங்கி நடந்துகொண்டிருந்த வழக்குகளுக்குப் பழைய எண்தான் தேவைப்படும்.

ஃபைன் கட்டினால் கேஸ் முடிந்துவிடும் என்றார்கள், கட்டினேன். இப்போது வேலைக்கான போலீஸ் விசாரணையில் ‘தண்டிக்கப்பட்டவர்’ என்று வருகிறதே?

நீங்கள் கட்டிய அபராதம்தான் தண்டனை. நீதிபதி “குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?” என்று கேட்டு, நீங்கள் “ஆமாம்” என்று சொல்லி, அதை எழுதிக்கொண்டு உங்களைக் குற்றவாளி என்று தீர்மானித்த பிறகுதான் அபராதத் தொகையே வரும். கேஸ் முடிந்தது என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. எப்படி முடிந்தது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டியது, சீட்டாடியது, தெருச்சண்டையில் கெட்ட வார்த்தை பேசியது என்று ‘பெட்டி கேஸ்’ எல்லாவற்றிலும் கதை இதுதான். குடிபோதையில் வண்டி ஓட்டியதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின் கீழ், முதல் முறையிலேயே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். அதைப் போக்குவரத்து சலான் போல நினைத்துக் கட்டிவிட்டு வருபவர்கள் ஏராளம்.

அதே மாஜிஸ்திரேட்டிடம் போய், “தெரியாமல் ஒப்புக்கொண்டேன், திரும்பப் பெறுகிறேன்” என்று மனு போடலாமா?

தீர்ப்பில் கையெழுத்து விழுந்துவிட்டது என்றால் முடியாது. பிரிவு 403 (பழைய 362) படி, கையெழுத்திட்ட தீர்ப்பில் எழுத்துப் பிழையையும் கணக்குப் பிழையையும் தவிர வேறு எதையும் அந்த நீதிமன்றம் மாற்றக் கூடாது. நீதிபதிக்கு உங்கள் மேல் எவ்வளவு இரக்கம் இருந்தாலும் அவர் கை கட்டப்பட்டிருக்கிறது. இது தெரியாமல் அதே கோர்ட்டில் மனு மேல் மனு போட்டு, மேலே போவதற்கான கெடுவைத் தொலைப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

தீர்ப்புக்கு முன்னாடி மனம் மாறினால்?

அப்போது நிலைமை வேறு. ஒப்புதலைத் திரும்பப் பெற இந்தியச் சட்டத்தில் தனிப் பிரிவு எதுவும் இல்லை. ஆனால் ஒப்புக்கொண்டவுடன் தண்டித்தே ஆக வேண்டும் என்றும் சட்டம் சொல்லவில்லை. மிகக் கடுமையான குற்றங்களுக்கான செஷன்ஸ் வழக்குக்குரிய பிரிவு 252 (பழைய 229), அதற்கு அடுத்தபடியான குற்றங்களுக்கான வாரண்ட் வழக்குக்குரிய 264 (பழைய 241), சிறு குற்றங்களுக்கான சம்மன் வழக்குக்குரிய 275 (பழைய 252) ஆகிய மூன்றுமே, ஒப்புதலைப் பதிவு செய்துவிட்டுத் தண்டிப்பதா வேண்டாமா என்பதை நீதிபதியின் முடிவுக்கு விடுகின்றன. எனவே தீர்ப்பு எழுதும் முன் எழுந்து சொல்லிவிட்டால் வழக்கை விசாரணைக்கு எடுக்க இடம் இருக்கிறது.

மும்பைத் தாக்குதல் வழக்கில் கசாப் 2009 ஜூலையில், விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதிமன்றம் அதைப் பதிவில் வைத்துக்கொண்டு, அதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதாமல் சாட்சி விசாரணையைத் தொடர்ந்தது. அந்த டிசம்பரில் அவர் தான் சொன்னதை மறுத்தார். 2010 மே மாதம் வந்த தீர்ப்பு சாட்சியங்களின் மேல் நின்றது. பெரிய வழக்குகளில், அதுவும் மரண தண்டனைக்கு வாய்ப்புள்ளவற்றில், ஒப்புதலை ஏற்றுக்கொண்டு அப்படியே தண்டிக்கும் வழக்கம் நீதிமன்றங்களுக்கு இல்லை. அந்தக் கவனம் 500 ரூபாய் வழக்குக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். ஒருவருடைய வேலையைப் பறிப்பது பெரும்பாலும் அந்தச் சின்ன வழக்குதான்.

மேல்முறையீடு செய்யலாமா?

தண்டனையின் அளவு பற்றி அல்லது அது சட்டப்படி சரியா என்பது பற்றி மட்டும் செய்யலாம். “நான் குற்றவாளியே இல்லை” என்று மேல்முறையீடு செய்யப் பிரிவு 416 (பழைய 375) தடை போடுகிறது. அபராதம் மிகச் சிறியதாக இருந்தால் பிரிவு 417 (பழைய 376) அந்த வழியையும் அடைத்துவிடும். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் 100 ரூபாய்க்கு மேற்படாத அபராதம் மட்டும் விதித்திருந்தால் மேல்முறையீடே கிடையாது.

சிறைத் தண்டனை அதிகம் என்று மட்டும் நினைக்கிறீர்கள், குற்றம் நடந்தது உண்மை என்றால், இந்தக் குறுகிய மேல்முறையீடே உங்களுக்குப் போதும். செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள் கெடு.

அப்படியானால் குற்றத் தீர்ப்பையே உடைக்க என்னதான் வழி?

சீராய்வு மனு, அதாவது கீழ் நீதிமன்றம் சட்டப்படி நடந்துகொண்டதா என்று பார்க்கும்படி மேல் நீதிமன்றத்தைக் கேட்பது. ‘ரிவிஷன்’ என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். பிரிவு 438, 442 (பழைய 397, 401). செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ போடலாம், ஆனால் ஒருவர் ஒரு இடத்தில்தான் போட முடியும். செஷன்ஸில் தோற்ற பிறகு உயர் நீதிமன்றத்தில் இன்னொரு சீராய்வு கிடையாது. அங்கிருந்து மேலே போக வேண்டுமானால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தை, அதாவது பிரிவு 528-ஐ (பழைய 482) நாட வேண்டும். அதை அரிதாகவே பயன்படுத்துவார்கள். எனவே எங்கே போடுவது என்பதை வக்கீலுடன் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்யுங்கள்.

கெடு 90 நாள். தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவைச் சேர்த்துப் போட வேண்டும். “வேலைக்கு விண்ணப்பித்தபோதுதான் இப்படி ஒரு தீர்ப்பு இருப்பதே புரிந்தது” என்பது உண்மையாக இருந்தால் தேதிகளோடும் ஆவணங்களோடும் எழுதுங்கள். பொத்தாம்பொதுவாக ‘உடல்நலம் சரியில்லை’ என்று எழுதுவதால் பயன் இல்லை.

அபராதம் கட்டிவிட்டதால் சீராய்வு உரிமை போய்விடாது. தீர்ப்பு ரத்தானால் கட்டிய தொகையைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

சீராய்வில் எதைக் காட்டினால் நீதிமன்றம் கேட்கும்?

நீங்கள் நல்லவரா என்பதை அங்கே பார்க்க மாட்டார்கள். அன்றைக்கு அந்த ஒப்புதல் எப்படி வாங்கப்பட்டது, எப்படி எழுதப்பட்டது என்பதைப் பார்ப்பார்கள். அதனால் முதல் வேலையே பதிவேட்டைப் படிப்பதுதான்.

சம்மன் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் சொன்ன வார்த்தைகளை, முடிந்தவரை அவர் சொன்ன விதத்திலேயே எழுத வேண்டும் என்கிறது சட்டம். இதைப் பற்றிய முக்கியமான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நம் மாநிலத்திலிருந்து போன வழக்கில்தான் வந்தது. மஹந்த் கௌசல்யா தாஸ் எதிர் சென்னை மாநிலம் என்ற அந்த வழக்கு 1966-ஆம் ஆண்டு சட்ட அறிக்கைகளில் இருக்கிறது. அந்த விதி கட்டாயமானது, மீறினால் தண்டனைத் தீர்ப்பு செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. காரணம் எளிது: மேல்முறையீட்டு உரிமையே பறிபோகும் இடத்தில், அந்த மனிதர் என்ன சொன்னார் என்பதற்கு வேறு ஆதாரமே இருக்காது. அச்சடித்த தாளில் “ஒப்புக்கொண்டார்” என்று ஒரே ஒரு சொல், கீழே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் என்றால் உங்கள் வக்கீல் முதலில் எடுக்க வேண்டிய தீர்ப்பு இது.

அடுத்து, சொன்னது உண்மையிலேயே ஒப்புதல்தானா? “ஆமாங்கய்யா, அடிச்சேன், ஆனா அவன்தான் முதல்ல கத்தியை எடுத்தான்” என்பது ஒப்புதல் கிடையாது. அது தற்காப்பு வாதம். அதை ‘ஒப்புக்கொண்டார்’ என்று சுருக்கி எழுதித் தண்டித்திருந்தால் அது பெரிய ஓட்டை. அதேபோல, குற்றச்சாட்டில் எழுதியிருப்பதை முழுக்க உண்மை என்று வைத்துக்கொண்டாலும் அந்தப் பிரிவின் குற்றம் வரவில்லை என்றால், நீங்கள் ஒப்புக்கொண்டதால் மட்டும் அது குற்றமாகிவிடாது. குற்றச்சாட்டு உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட்டதா என்பதையும் பாருங்கள். திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலை செய்யும் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் விஷயத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடக் கூடாது.

மூன்றாவது, ஆசை காட்டி வாங்கிய ஒப்புதல். குஜராத்தைச் சேர்ந்த காசம்பாய் வழக்கில் (1980) உணவுக் கலப்பட வழக்கு ஒன்றில் பேரம் பேசி, லேசான தண்டனை என்று நம்ப வைத்து ஒப்புதல் வாங்கியிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்து வழக்கை விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. வழக்கை முடித்தால் போதும் என்ற சலிப்பில் நிரபராதியும் ஒப்புக்கொள்ளக்கூடும் என்பதுதான் நீதிபதிகளின் கவலை. 1983-இல் கர்நாடகத்தின் திப்பசாமி வழக்கு வந்தது. குறைந்த தண்டனை என்ற நம்பிக்கையில் ஒப்புக்கொண்டவருக்கு மேல் நீதிமன்றம் தண்டனையைக் கூட்டியிருந்தது. அது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவுக்கு விரோதம், கூட்ட நினைத்தால் முதலில் ஒப்புதலின் மேல் வந்த தீர்ப்பை ரத்து செய்து, எதிர்வழக்காட வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

“பயத்தில் ஒப்புக்கொண்டேன்” என்று சொன்னால் போதாதா?

வெறுமனே அதை மட்டும் சொன்னால் போதாது. நீதிமன்றத்துக்குள் நடந்தது பற்றி நீதிபதி எழுதி வைத்திருப்பதை மேல் நீதிமன்றம் சரியென்றே எடுத்துக்கொள்ளும். ராம்தாஸ் சீனிவாஸ் நாயக் வழக்கில் (1982) உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது: பதிவு தவறு என்றால், நினைவு மறையும் முன் அதே நீதிபதியிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

முன்பு 403 பற்றிச் சொன்னதற்கு இது முரணாகத் தோன்றலாம். தீர்ப்பை மாற்றச் சொல்லி அங்கே கேட்க முடியாது. ஆனால் “நான் சொன்னது இப்படிப் பதிவாகவில்லை” என்று உடனே ஒரு மனு கொடுத்து வைத்தால், சீராய்வில் உங்கள் கதை பின்னால் யோசித்துக் கட்டியது என்று யாரும் சொல்ல முடியாது. அதன் பயன் அதுதான்.

பயத்துக்கு ஆதாரம் வேண்டும். ஒப்புக்கொண்டதற்கு முந்தின இரவு காவல் நிலையத்தில் வைத்திருந்தார்களா, மருத்துவமனைச் சீட்டு இருக்கிறதா, சம்பவ நேரத்தில் வேறு ஊரில் வேலையில் இருந்ததற்கு வருகைப் பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். வக்கீல் இல்லாமல் நின்றீர்கள், இலவச வக்கீல் கிடைப்பார் என்று யாரும் சொல்லவில்லை என்பதையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதுங்கள்.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமும் இதுவும் ஒன்றா?

இல்லை. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. நீதிபதி முன் நின்று, குற்றச்சாட்டைக் கேட்டு, ‘ஆமாம்’ என்று சொல்வது அதைவிடப் பல மடங்கு கனமானது. இதைக் குழப்பிக்கொண்டு, ‘போலீஸில் சொன்னது செல்லாது என்றால் கோர்ட்டில் சொன்னதும் செல்லாது’ என்று நினைப்பவர்கள் உண்டு.

முதலில் என்னென்ன காகிதம் வாங்க வேண்டும்?

தீர்ப்பின் சான்றிட்ட நகல், உங்களைக் கேள்வி கேட்டுப் பதில் எழுதிய தாள், குற்றப்பத்திரிகை, முதல் தகவல் அறிக்கை, அன்றைய நீதிமன்ற நடவடிக்கைக் குறிப்பு. வழக்கு எண் தெரியவில்லை என்றால் அபராத ரசீதில் சி.சி. அல்லது எஸ்.டி.சி. என்று தொடங்கும் எண் இருக்கும். நகல் மனுவை இன்றே போடுங்கள். சிறு வழக்குக் கட்டுகளை நீதிமன்றங்கள் நெடுங்காலம் வைத்திருப்பதில்லை.

சிறையில் இருப்பவர் சீராய்வு முடியும்வரை வெளியே வரலாமா?

வரலாம். சீராய்வு மனுவோடு தண்டனையை நிறுத்தி வைத்து ஜாமீன் கேட்கும் மனுவையும் சேர்த்துப் போட வேண்டும். குறுகிய கால தண்டனை என்றால், மனு விசாரணைக்கு வருவதற்குள் தண்டனையே முடிந்துவிடும் என்பதால் நீதிமன்றங்கள் பெரும்பாலும் இதைக் கவனத்தில் எடுத்துக்கொள்கின்றன.

ஜெயித்தால் விடுதலையா?

பொதுவாக அப்படி இல்லை. வழக்கு பழைய இடத்துக்குத் திரும்பும், சாட்சிகள் வருவார்கள், நீங்கள் வாய்தாவுக்கு வாய்தா அலைய வேண்டும். விசாரணையில் குற்றம் நிரூபணமானால் அந்தப் பிரிவு அனுமதிக்கும் தண்டனை எதுவும் கிடைக்கலாம், பழைய சலுகை காத்திருக்காது. என் கருத்தைக் கேட்டால், குற்றம் செய்யவில்லை என்றோ நல்ல எதிர்வாதம் இருக்கிறது என்றோ உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இந்த வழியில் இறங்குங்கள். பெயரில் கறை போக வேண்டும் என்பது மட்டுமே நோக்கம் என்றால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

தீர்ப்பை உடைக்காமலே பாதிப்பைக் குறைக்க வழி உண்டா?

உண்டு, இதை நிறையப் பேர் கேட்பதே இல்லை. 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் எச்சரித்து விடலாம், 4-ஆம் பிரிவில் நன்னடத்தைப் பிணையில் விடலாம். 11-ஆம் பிரிவு இந்த அதிகாரத்தை மேல்முறையீடு, சீராய்வு நீதிமன்றங்களுக்கும் கொடுக்கிறது. அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையோடு ஒட்டிக்கொண்டு வரும் தகுதியிழப்பு கிடையாது என்கிறது 12-ஆம் பிரிவு. ‘குற்றவாளி’ என்ற தீர்மானம் அழியாது, வேலை கொடுப்பவர் நடத்தையைப் பார்க்கலாம். ஆனாலும் முதல் முறை தவறு செய்த இளைஞர்களுக்கு, சீராய்வில் ‘ரத்து செய்யுங்கள், இல்லையேல் நன்னடத்தைச் சட்டத்தைக் கொடுங்கள்’ என்று இரண்டையும் கேட்பது விவேகம்.

சம்பவம் நடந்தபோது எனக்கு 17 வயது. யாரும் வயதைக் கேட்கவில்லை.

உடனே வக்கீலைப் பாருங்கள். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, இளம் வயது என்ற வாதத்தை எந்த நீதிமன்றத்திலும், வழக்கு முற்றிலும் முடிந்த பிறகும்கூட எழுப்பலாம். பள்ளிச் சான்றிதழை எடுத்து வையுங்கள்.

வேலை, பாஸ்போர்ட் என்னவாகும்?

பாஸ்போர்ட் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். தண்டனையைக் காரணம் காட்டி மறுக்க, விண்ணப்பத்துக்கு முந்தின ஐந்து ஆண்டுகளுக்குள் ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை வந்திருக்க வேண்டும் என்கிறது 1967-ஆம் ஆண்டுச் சட்டம். 500 ரூபாய் அபராதம் அதில் வராது.

அரசு வேலை அப்படியில்லை, சீருடைப் பணி இன்னும் கடினம். விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். அவதார் சிங் வழக்கில் (2016) உச்ச நீதிமன்றம், அற்பமான வழக்கு என்றால் வேலை கொடுப்பவர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று இடம் கொடுத்திருக்கிறது. மறைத்ததே தனிக் குற்றமாகப் பார்க்கப்படும் அபாயமும் அதே தீர்ப்பில் தெரிகிறது. ஏற்கனவே அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு வேறொரு ஆபத்து: தண்டனைக்குக் காரணமான நடத்தைக்காக, தனி விசாரணை இல்லாமலே பணிநீக்கம் செய்ய அரசியல் சட்டத்தின் 311-ஆம் பிரிவு வழிவிடுகிறது. விபத்து வழக்கில் சிக்கிய ஓட்டுநர்களும் கவனியுங்கள். நீங்கள் கோர்ட்டில் சொன்ன ‘ஆமாம்’ இழப்பீட்டு வழக்கிலும் உங்களுக்கு எதிராக வந்து நிற்கும்.

ப்ளீ பார்கெயினிங்கில் முடிந்த வழக்குக்கும் இதே வழியா?

ப்ளீ பார்கெயினிங் என்றால், குறைந்த தண்டனைக்காகப் பேசி முடிவு செய்துகொண்டு குற்றத்தை ஒப்புக்கொள்வது. அது தனி அத்தியாயம், பிரிவுகள் 289 முதல் 300 வரை (பழைய 265-ஏ முதல் 265-எல் வரை, 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது). அங்கே நீதிபதி உங்களைத் தனியறையில், எதிர்த்தரப்பு இல்லாமல் விசாரித்து, விருப்பத்தோடுதான் வந்தீர்களா என்று உறுதி செய்ய வேண்டும். பின்வாங்க வேண்டுமென்றால் அந்தத் தனியறைதான் இடம். தீர்ப்பு வந்துவிட்டால் அது இறுதி. உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு, உயர் நீதிமன்றத்தில் அரசியல் சட்டத்தின் 226, 227-ஆம் பிரிவுகளின் கீழ் மனு, இவை மட்டுமே மிச்சம்.

என் அண்ணன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே ஒப்புக்கொண்டுவிட்டு இப்போது விசா சிக்கல் என்கிறான்.

அங்கே சட்டம் வேறு. கூட்டாட்சி நீதிமன்றங்களில், அங்குள்ள குற்றவியல் நடைமுறை விதி 11-இன்படி, தண்டனை அறிவிக்கும் முன் நியாயமான காரணம் காட்டி ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். அறிவித்த பிறகு மேல்முறையீடு, அல்லது தீர்ப்பைத் தனியாக எதிர்க்கும் மனு மட்டுமே. 2010-இல் படில்லா எதிர் கென்டக்கி வழக்கில், ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டு என்று வக்கீல் சொல்லியாக வேண்டும் என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியேற்ற விளைவு தெரியாமல் ஒப்புக்கொண்டவர்களுக்குக் கலிபோர்னியா தனிச் சட்டமே வைத்திருக்கிறது. குற்றவியல், குடியேற்றம் இரண்டும் தெரிந்த வக்கீலை அந்த மாநிலத்திலேயே பிடிக்கச் சொல்லுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை.

15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள், அல்லது நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் வட்ட, மாவட்டச் சட்டப் பணிகள் அலுவலகத்துக்குப் போங்கள். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர்களுக்கு வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள். சீராய்வுக்கும் வக்கீல் கொடுப்பார்கள்.

நாளைக்குக் கோர்ட். ‘ஒப்புக்கொண்டு போய்விடு’ என்கிறார்கள். என்ன செய்ய?

அதைச் சொல்பவர் யாராக இருந்தாலும், முடிவு உங்களுடையது. குற்றச்சாட்டைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று நீதிபதியிடமே சொல்லுங்கள். தவறு செய்யவில்லை என்றால், “குற்றத்தை மறுக்கிறேன் ஐயா, வக்கீல் வைத்துக்கொள்ள வாய்தா வேண்டும்” என்று நீதிபதியைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லுங்கள். ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் மறுத்தீர்கள் என்பதற்காக உள்ளே வைக்க முடியாது. ஒரு ஜாமீன்தாரரையும் அடையாள அட்டையையும் கையோடு கொண்டு போங்கள்.